கழுவிய நீர் எங்கே போகிறது?

சங்க டிராக்டர்களையும் லாரிகளையும் ரப்பர் குழாயால் கழுவுவதா, விசைப்பம்பினால் நீர் பீச்சிக் கழுவுவதா, எது சிக்கனம் என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர்.

கணக்கு எளிது. நிமிஷத்திற்கு 30 லிட்டர் விடும் குழாய் 20 நிமிஷத்தில் 600 லிட்டரைச் செலவழிக்கும். 10 லிட்டர் விடும் விசைப்பம்புக்கு 200 லிட்டரே போதும். நீரின் வேகமே அழுக்கை அகற்றுவதால் பம்பே மேலானது. ஆயினும் அவ்வேகம் பேரிங்குக்குள் நீரைப் புகுத்தும்; ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கும்; கையில் பட்டால் தோலைத் துளைக்கும். அவ்விடங்களில் துடைத்தலே தக்கது.

ஆனால் கேள்வி இத்துடன் முடியவில்லை. டீசலும் கிரீஸும் கலந்த நீர் ஏரிக்கால்வாயில் இறங்குமாயின், மிச்சம் பிடித்த 400 லிட்டரால் யாது பயன்? உழவர் பயிருக்கும், நெசவாளர் நூலுக்கும் நம்பியிருப்பது ஒரே நிலத்தடி நீரையன்றோ!

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதை நாம் அறிந்ததே. நீரைக் கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்ற நியதியைச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று வழக்கில் அதனை வலியுறுத்தியது. அந்நியதி நமது சங்கக் கொட்டகைக்குப் பொருந்தாதா?

தோல் தொழிலிலேயே நமக்கொரு பாடம் உண்டு. பச்சைத் தோலை ஊறவைக்குமுன் அதிலுள்ள உப்பை உதறி எடுத்துவிட்டால், கழிவு நீரில் உப்பு குறைகிறது. அவ்வாறே நாமும் முதலில் சேற்றைச் சுரண்டி, கிரீஸைக் கந்தலால் துடைத்தெடுத்து, பின்னரே நீர் பீச்சுதல் வேண்டும். கழுவுமிடம் சிமெண்டுத் தளமாக இருக்கட்டும். நீர் இரண்டு அறைகள் கொண்ட தொட்டியில் விழட்டும். முதல் அறையில் மண் படியும், எண்ணெய் மிதக்கும். இடைப்பட்ட நீர் மட்டும் அடிவழியே அடுத்த அறைக்குச் செல்லும். அந்நீரை மறுநாள் முதற் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். மிதந்த எண்ணெயை வழித்தெடுத்துத் தனியே சேமித்தல் வேண்டும். தோல் கழிவு ஏற்றிய லாரிக்கு இத்தொட்டி போதாது. நீரில் கரைந்த குரோமியம் இதில் தங்காது. அவ்வண்டியைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கழுவுதல் வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்பர். ஒரு சங்கத்திற்கு அது பாரமே. அண்டைச் சங்கங்கள் சேர்ந்தால் பாரமாகாது. கூட்டுறவு பின் எதற்கு?

பாலாற்றுக்கு நீதி கேட்கும் நாம், நமது வாய்க்காலை முதலில் சுத்தமாக வைத்துக்கொள்வோமாக.