வீணாகும் ஓட்டு யாருடையது?

"ஆள் நல்லவர்தான். ஆனால் ஜெயிக்க மாட்டார். அவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே."

தேர்தல் வந்தால் நம் சேரிகளில் அதிகம் காதில் விழுவது இதுதான். சொல்பவர்கள் எல்லோரும் எதிரிகள் அல்லர். போராட்ட மேடைகளில் நம்மோடு நின்ற முற்போக்கு நண்பர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம். பெரிய கட்சிக்கு விழுந்து தோற்றுப்போன ஓட்டை யாராவது வீண் ஓட்டு என்று சொன்னது உண்டா? லட்சக்கணக்கில் வாங்கித் தோற்றாலும் அதற்கு 'மக்கள் செல்வாக்கு' என்று பெயர். பணமும் கட்சிப் பின்புலமும் இல்லாத ஒரு தலித் வேட்பாளருக்கு விழும் ஓட்டு மட்டும்தான் இந்த நாட்டில் வீணாகிறது.

தோழர்களே, இந்த வாசகத்துக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். அதற்கு முன் நடந்த மாகாணத் தேர்தலில் அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்திருந்தது. சொந்த மாகாணமான பம்பாயிலிருந்து அவர் உள்ளே போக வழியே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த எவருக்கும் அம்பேத்கர் தோற்கப்போகும் வேட்பாளர்தான். ஆனால் வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் இருந்தார். அந்த மாகாணத்தில் கூட்டமைப்பின் சார்பில் வென்ற ஒரே உறுப்பினர் அவர். வேறு கட்சிகளிலும் சுயேச்சைகளாகவும் இருந்த பட்டியல் சாதி உறுப்பினர்களிடம் போய் ஆதரவு திரட்டினார். மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர் வங்காளத்திலிருந்து சபைக்குள் நுழைந்தார். பிரிவினையால் அந்த இடம் பறிபோய், பிறகு பம்பாயிலிருந்து அவர் மீண்டும் தேர்வானது அடுத்த கதை. வங்காளத்தில் அந்தச் சிலர் 'ஜெயிக்கிற பக்கம் போவோம்' என்று நினைத்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அம்பேத்கர் 1952 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அன்று அவருக்கு விழுந்த ஓட்டுகள் வீணா? 1952இல் அவரை வென்றவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி தனித்தொகுதிக்கு வருவோம். 'உங்களுக்குத்தான் தனித்தொகுதி இருக்கிறதே, இன்னும் என்ன?' என்று கேட்பவர்கள் 1932ஐ மறந்துவிடுகிறார்கள். புனே ஒப்பந்தத்தில் நாம் இழந்தது இரட்டை வாக்குரிமையையும் தனி வாக்காளர் தொகுதியையும். நமக்குக் கிடைத்தது கூட்டு வாக்காளர் தொகுதி. அதாவது வேட்பாளர் நம்மவர். அவரைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பான்மை நம்மவர் அல்ல. அதனால் பெரிய கட்சிகள் எந்த மாதிரி ஆளைத் தேடுகின்றன? ஊர்த் தெருவில் யாருக்கும் உறுத்தாதவரை. பஞ்சமி நிலம் பற்றிக் கேட்காதவரை. ஆணவக்கொலை நடந்தால் அறிக்கை விடுவதற்கு முன் தலைமையின் முகம் பார்ப்பவரை. விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதி இதுதான். இந்த விதிக்கு அடங்காமல், மலக்குழி மரணத்துக்கு நீதி கேட்டுக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்தவர் மனுத்தாக்கல் செய்தால் அவருக்கு 'சரிப்பட்டு வரமாட்டார்' என்று முத்திரை குத்துகிறார்கள். பொதுத்தொகுதியில் நின்றுவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். அது ஏதோ அத்துமீறல் போலப் பேசுகிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். சந்திரசேகர் ஆசாத் 2022 சட்டமன்றத் தேர்தலில் கோரக்பூர் நகரத் தொகுதியில் முதல்வர் ஆதித்யநாத்தை எதிர்த்து நின்றார். 8,000 ஓட்டுகூட வரவில்லை. டெபாசிட் போனது. 'விளம்பரம் தேடுகிறார்' என்று சிரித்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நகினா தனித்தொகுதியில் நின்றார். பெரிய கூட்டணி எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தக் கட்சி, கெட்டில் சின்னம். 'ஓட்டைப் பிரிக்க வந்தவர்' என்றார்கள். முடிவு என்ன? பாஜக வேட்பாளரை 1,51,473 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். சமாஜ்வாதி மூன்றாவது இடம், பகுஜன் சமாஜ் நான்காவது இடம். அப்படியானால் ஓட்டைப் பிரிக்க வந்தது யார்?

இது இரண்டு ஆண்டில் நடந்த அதிசயம் அல்ல. 2015இல் தொடங்கிய பீம் ஆர்மி சஹாரன்பூர் வட்டாரக் கிராமங்களில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலைகள் நடத்தியது. 2017 சஹாரன்பூர் வன்முறையை ஒட்டி அவர் கைதானார். தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். தேர்தல் அறிவிப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மக்கள் அவரைத் தங்கள் தெருவில் பார்த்துவிட்டார்கள். நகினாவில் தலித் ஓட்டும் முஸ்லிம் ஓட்டும் ஒரே சின்னத்தில் விழுந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

'பாசிசம் வாசலில் நிற்கும்போது சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் ஓட்டைச் சிதறடிப்பது ஆபத்து' என்ற வாதத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. சில தொகுதிகளில் அது உண்மை. பணம் வாங்கிக்கொண்டு நம் ஓட்டைக் கலைக்கவே நிறுத்தப்படும் ஆட்களும் உண்டு. ஆகவே தலித் என்பதற்காக மட்டும் எவர் பின்னாலும் போகச் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் இவர் எங்கே இருந்தார்? நம் மக்கள் தாக்கப்பட்டபோது, வழக்குப் பதிவாகாதபோது, யாருக்காகப் போய் நின்றார்? தோற்ற மறுநாளும் இங்கேயே இருப்பாரா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், அவரைப் பார்த்து 'விலகிக்கொள்' என்று சொல்லும் உரிமை எந்தப் பெரிய கட்சிக்கும் கிடையாது. பாசிச எதிர்ப்பில் அவ்வளவு அக்கறை என்றால் அவர்கள் அந்தத் தொகுதியை இவருக்கு விட்டுக்கொடுக்கட்டுமே. தியாகம் எப்போதும் சேரிப் பக்கம்தான் வரவேண்டுமா?

சரி, ஆளைத் தேர்ந்துவிட்டோம். அடுத்து என்ன? இங்கேதான் நம் இளைஞர்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஸ்டேட்டஸ் வைப்பதும் ரீல்ஸ் போடுவதும் பிரச்சாரத்தில் ஒரு துளி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆதிக்கச் சாதியின் நிலத்தில் கூலிக்குப் போகிறவருக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு பாரம் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேரை முன்கூட்டியே பேசித் தயார்ப்படுத்துவது உங்கள் வேலை.

சின்னம் இன்னொரு சிக்கல். பெரிய கட்சியின் சின்னம் பாட்டி காலத்திலிருந்து சுவரில் இருக்கிறது. நம் வேட்பாளருக்கு வேட்புமனு வாபஸ் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டே வாரம். அதற்குள் எழுத்துத் தெரியாத ஒரு அம்மாவுக்கும் அந்தச் சின்னம் மனதில் பதிய வேண்டும். வீடு வீடாகப் போகாமல் இது நடக்காது. 2019இல் சிதம்பரத்தில் தோழர் திருமாவளவன் கூட்டணியில் இருந்தும் பானைச் சின்னத்தில்தான் நின்றார். வென்றது 3,219 ஓட்டில். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட நாடாளுமன்றத் தொகுதி அது. சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 540 ஓட்டுகூட இல்லை. அதாவது சில தெருக்கள். அந்தத் தெருக்களில் யாரோ சில தம்பிகளும் தங்கைகளும் நடந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வெற்றிக்கும் தோல்விக்கும் இடைவெளி.

கடைசியாக பூத். நம் வேட்பாளர்கள் பல பூத்களில் ஏஜென்ட் இல்லாமலே தோற்கிறார்கள். பூத்தில் உட்கார அந்தத் தொகுதியின் வாக்காளர்தான் வேண்டும். சென்னையிலிருந்து நண்பர்களை வேனில் ஏற்றிப் போய் அந்த நாற்காலியை நிரப்ப முடியாது. காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போதே அங்கே இருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான ஓட்டுக் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் எழுந்து வரக்கூடாது. சட்டம் படிக்கும் மாணவர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நம்மில் ஒருவர் வேட்புமனுவில் கையெழுத்துப் போடுவது மற்றவர்கள் போடுவது போன்றது அல்ல. மேலவளவு முருகேசன் தலைவர் பதவிக்கு நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்து ஆண்டுகள், மனுத்தாக்கல் செய்யவே ஆள் வராதபடி மிரட்டினார்கள். வந்தவரையும் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். நம் வேட்பாளரின் வெற்றிவாய்ப்பைக் கணக்குப் போடுகிறவர்கள் அவர் எடுக்கும் ஆபத்தையும் கணக்கில் எழுதட்டும். அவர் தனியாக நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அரிவாளுக்குத் துணிச்சல் வருகிறது. ஐம்பது இளைஞர்கள் கூடவே நடக்கிறார்கள், ஒவ்வொரு மிரட்டலும் புகாராகிறது, ஒவ்வொரு புகாரும் ஆட்சியர் மேசைக்குப் போகிறது என்றால் நிலைமை வேறு.

தேர்தல் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் வாக்காளர் பட்டியலை எடுங்கள். பதினெட்டு வயது ஆகியும் பெயர் சேராதவர்கள் யார், வேலைக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனதால் பெயர் நீக்கப்பட்டவர்கள் யார் என்று தெருவாரியாக எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகம்தான் நம் வேட்பாளரின் முதல் தேர்தல் நிதி.

ஜெய்பீம்.