பிரிட்டனில் டாக்டர் வேலை: பிளாப் எழுதும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

எம்.பி.பி.எஸ். முடித்து பிளாப் தேர்வு எழுதிவிட்டால் பிரிட்டனில் வேலை உறுதி என்ற பேச்சு நம் சமுதாயக் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ஜார்ஜியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பிய பெற்றோரும், இங்கேயே தனியார் கல்லூரியில் பெரும் கட்டணம் கட்டியவர்களும் இந்தக் கணக்கை வைத்தே செலவு செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. இன்று நிலைமை அப்படி இல்லை.

என்ன மாறியது?

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வெளிநாட்டு மருத்துவர்களை நம்பியே இயங்குகிறது. அங்கே உரிமம் பெற்ற மருத்துவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் வேறு நாட்டில் படித்தவர்கள். 2019 அக்டோபரில் எல்லா மருத்துவப் பணிகளும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 'உள்நாட்டவரோ ஐரோப்பியரோ கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டவரை எடுக்கலாம்' என்ற தடை இதனால் மருத்துவர்களுக்கு நீங்கியது. ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான பயிற்சி இடங்களுக்கும் நம் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே விண்ணப்பிக்க முடிந்தது. பிளாப் எழுதுவோர் எண்ணிக்கை வேகமாகக் கூடியது.

ஆனால் பயிற்சி இடங்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. 2025இல் 13,000க்கும் குறைவான பயிற்சி இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். பிரிட்டனிலேயே பிறந்து, அங்கேயே படித்து, கல்விக் கடனோடு வெளிவந்த இளம் மருத்துவர்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. அங்குள்ள இளம் மருத்துவர்களின் போராட்டங்களில் சம்பளத்தோடு இந்தப் பிரச்சனையும் முக்கியக் கோரிக்கையானது.

அரசு பணிந்தது. 2025 ஜூலையில் வெளியான பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், சிறப்புப் பயிற்சியில் பிரிட்டன் பட்டதாரிகளுக்கும், என்.எச்.எஸ்.ஸில் கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை தரப்படும் என்று அறிவித்தது. மூன்று ஆண்டுகளில் 1,000 பயிற்சி இடங்கள் கூட்டப்படும் என்றும் சொன்னது. பற்றாக்குறையின் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. 2026 ஜனவரியில் இந்த முன்னுரிமையைச் சட்டமாக்கும் மசோதாவும் நாடாளுமன்றத்தில் வந்தது. குடியேற்றத்திலும் இறுக்கம் கூடியுள்ளது. நிரந்தரக் குடியுரிமைக்கான காத்திருப்பை 5 ஆண்டுகளிலிருந்து பொதுவாக 10 ஆண்டுகளாக உயர்த்தும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது.

இது முதல் முறை அல்ல

இதை ஓர் அரசின் திடீர் வெறுப்பாக மட்டும் பார்ப்பது சரியாகாது. 1960களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் என்.எச்.எஸ்.ஸில் சேர்ந்தார்கள். 1975இல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த நேரடி அங்கீகாரம் விலக்கப்பட்டு, தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தது. பின்னாளில் வந்த பிளாப் அதன் தொடர்ச்சிதான்.

2006 ஏப்ரலில், வொர்க் பெர்மிட் இல்லாமலேயே பயிற்சி பெறலாம் என்றிருந்த சலுகை குறுகிய கால அறிவிப்பில் நீக்கப்பட்டது. பரீட்சையும் எழுதி, அந்த நாட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட பலர் நடுவழியில் நின்றார்கள். திறன்மிக்க குடியேறிகளுக்கான விசாவில் இருந்தவர்களையும் ஒதுக்கச் சொன்ன சுகாதாரத் துறையின் வழிகாட்டலை, இந்திய வம்சாவளி மருத்துவர்களின் அமைப்பான பாப்பியோ நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2008இல் பிரபுக்கள் சபை அந்த வழிகாட்டல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து. அதற்குள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். ஆள் தேவைப்படும்போது ஒரு நாடு விதிகளைத் தளர்த்தும். சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லாதபோது அதே விதிகளை இறுக்கும். நம் அரசும் அதைத்தான் செய்யும். எனவே பிரிட்டனைக் குறை சொல்வதைவிட, மாறக்கூடிய ஒரு விதியை நம்பி வீட்டையும் நகையையும் வைப்பது சரியா என்று நம்மை நாமே கேட்க வேண்டும்.

பதிவு வேறு, வேலை வேறு

பல பெற்றோருக்கு இங்கேதான் குழப்பம். பிளாப் முதல் தாள் எழுத்துத் தேர்வு. இரண்டாம் கட்டம் செயல்முறைத் தேர்வு. அது மான்செஸ்டர் நகரில் மட்டுமே நடக்கிறது. அதற்கு விசா, விமானம், தங்குமிடம், பயிற்சி வகுப்பு என்று தேர்வுக் கட்டணத்துக்கு மேல் பெரும் செலவு உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும். அதற்குப் பதிலாக ஓ.இ.டி. தேர்வும் எழுதலாம்.

இவை எல்லாம் முடிந்தால் கிடைப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவு. வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே அது. வேலைக்குத் தனியாக மருத்துவமனைகளிடம் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண ஜூனியர் பணிக்கும் விண்ணப்பங்கள் குவிவதால், சில விளம்பரங்கள் ஓரிரு நாளிலேயே மூடப்படுகின்றன. பிரிட்டன் அனுபவம் இருக்கிறதா என்று மருத்துவமனைகள் பார்ப்பதால், சம்பளம் இல்லாமல் உடனிருந்து பார்க்கும் 'அட்டாச்மென்ட்' தேடிப் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். வேலை கிடைத்தாலும், பயிற்சி இடம் கிடைக்காவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் ஆகும் பாதை நீண்டுகொண்டே போகும்.

பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் பதிவு வரைதான் பேசும். அதற்குப் பிறகான நிலைமையைப் பெற்றோர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடனும் எதிர்பார்ப்பும்

மருத்துவப் படிப்புக்கே வட்டிக் கடன் வாங்கியவர்கள், பிளாப் செலவுக்காக மறுபடியும் வட்டிக்குப் போகும் நிலை நம் ஊர்களில் உண்டு. மார்க்கம் வட்டியைத் தடுத்திருப்பதன் பொருள் இப்படிப்பட்ட நேரத்தில் நன்றாக விளங்கும். வேலை வந்தாலும் வராவிட்டாலும் வட்டி மட்டும் நிற்காமல் வளரும். உறவினரிடம் வாங்கும் கடனிலும் தெளிவு வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. மாமாவிடமும் சாச்சாவிடமும் வாங்கும் பணம்தானே என்று எழுதாமல் விட்டு, பிள்ளைக்கு வேலை தாமதமானதும் உறவே முறிவதை நாம் பார்க்கிறோம்.

இன்னொரு சுமை கல்யாணப் பேச்சு. 'லண்டன் டாக்டர் மாப்பிள்ளை' என்று பதிவு கிடைத்தவுடன் நிக்காஹ் முடிவு செய்கிறார்கள். வேலை இல்லாமல் அங்கே ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் பையன், உண்மையை வாப்பா உம்மாவிடம் சொல்லவும் முடியாமல் தவிக்கிறான். நிலைமையை மறைக்காமல் பேச வீட்டில் இடம் கொடுங்கள். பெண் வீட்டாரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

பிரிட்டன் பக்கமே போகாதீர்கள் என்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. திறமையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்றும் அங்கே இடம் உண்டு. ஆனால் அதை ஒரே வழியாக வைக்க வேண்டாம்.

முதலில், எந்த நாட்டுக்கும் உதவும் தகுதியைச் சேர்க்கட்டும். இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். முடித்த மருத்துவருக்கு வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் மதிப்பு அதிகம். நீட் பி.ஜி. கடினம்தான். ஆனால் அதற்குச் செலவிடும் காலம் எங்கும் வீணாகாது. வெளிநாட்டில் படித்தவர்கள் எஃப்.எம்.ஜி.இ. தேர்வையும் இன்டர்ன்ஷிப்பையும் முடித்து இந்தியப் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டும். போன இடத்தில் முடியாவிட்டால் திரும்பி வந்து வேலை பார்க்க அந்தப் பதிவு வேண்டும்.

இரண்டாவதாக, எம்.ஆர்.சி.பி. போன்ற தேர்வுகளின் தொடக்கப் பகுதிகளை இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். முழுவதும் முடித்தவர்களுக்கு பிளாப் இல்லாமலே பிரிட்டன் பதிவு கிடைக்கும் வழியும் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பதால் கடன் சுமை குறைவு.

மூன்றாவதாக, கிளம்பும் முன் மஷ்வரா செய்யுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் போய் இன்று கன்சல்டன்ட்டாக இருப்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது. கடந்த ஓர் ஆண்டுக்குள் போனவரிடம், குறிப்பாக இன்னும் வேலை கிடைக்காதவரிடம் கேளுங்கள். எத்தனை மாதம் வேலை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும், எந்தத் தேதியில் ஊர் திரும்புவது என்பதையும் குடும்பமாக உட்கார்ந்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் மருத்துவச் சீட்டு கிடைத்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திவிடக் கூடாது. படித்து முடித்தவர்களுக்கு வழிகாட்டவும், நீட் பி.ஜி.க்கும் எஃப்.எம்.ஜி.இ.க்கும் தயாராகும் ஓர் ஆண்டுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கவும் முன்வர வேண்டும். ஒரு மருத்துவரை உருவாக்க ஒரு குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் கொடுக்கிறது. அந்த உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்வது சமுதாயத்தின் கடமையும்தான்.