சின்னக் கேமராவுக்கு யானைத் தும்பிக்கை எதுக்கு?

மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்களில் ஒரு வகை உண்டு. "எடை தூக்க முடியலைப்பா, பையில் அடங்கணும்" என்று ஆயிரம் காரணம் சொல்லி, உள்ளங்கை அளவில் ஒன்றைத் தேடி வாங்குவார்கள். அடுத்த மாதமே அதன் மூஞ்சியில் பெரிய ஜூம் லென்ஸை மாட்டிவிட்டு, "இப்பதான் ப்ரொஃபஷனலா இருக்கு" என்று பூரித்துப் போவார்கள். அதற்கடுத்த மாதம் கேமரா பீரோவில் தூங்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-ல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை அறிவித்தன. எஸ்.எல்.ஆருக்குள் இருந்த கண்ணாடியைத் தூக்கிவிட்டதால், லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் 20 மி.மீ.க்கும் குறைவான இடைவெளியே போதும் என்றானது. சென்சாரும் சிறியது, 17.3-க்கு 13 மி.மீ. லென்ஸைத் தோசை மாதிரி தட்டையாகச் செய்ய முடிந்தது இதனால்தான். இந்த வசதிக்காகவே கேமராவை வாங்கிவிட்டு, அதையே வேண்டாம் என்றால் எப்படி?

2013-ல் வந்த பானசோனிக் ஜிஎம்1, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 204 கிராம். அதில் ஒலிம்பஸ் 12-40 எஃப் 2.8 ஜூமை மாட்டினால் லென்ஸ் மட்டும் 382 கிராம்! குதிரையை விடச் சேணம் கனம்.

"இருட்டில் எடுக்க எஃப் 2.8 வேணுமே?" என்பார்கள். 100 கிராம் எடையுள்ள பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7, அந்த எஃப் 2.8-ஐ விட இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கூடவே 14 மி.மீ. எஃப் 2.5 (55 கிராம்), ஆள் முகம் எடுக்க ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 (116 கிராம்). மூன்றும் சேர்ந்தே 271 கிராம்தான். அந்த ஒற்றை ஜூமை விடக் குறைவு. மூன்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மாணவன் பாக்கெட்டுக்கு அதுவே பெரிய நிம்மதி.

"மழை, தூசு தாங்குமே?" லென்ஸ் தாங்கும். ஜிஎம்1 தாங்காதே!

குறைகள் இல்லாமல் இல்லை. 20 மி.மீ. லென்ஸ் ஃபோகஸ் செய்ய மெதுவாக நகரும். ஓடுகிற குழந்தையை அதில் பிடிப்பது சிரமம். பறவை எடுப்பவருக்கு இந்த மூன்றுமே உதவாது. அவர் பெரிய லென்ஸே வாங்கட்டும், தப்பில்லை. மறுபக்கம், "சின்னதா இருந்தா போதும்" என்கிற கோஷ்டியும் இருக்கிறது. ஒலிம்பஸின் 15 மி.மீ. எஃப் 8 மூடி லென்ஸ் 9 மி.மீ. தடிமன்தான். ஆனால் எஃப் 8-ஐ மாற்றவே முடியாது. வீட்டுக்குள் சாயங்காலம் ஆனால் திண்டாட்டம். சின்னது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் அதே முட்டாள்தனத்தின் இன்னொரு முகம்.

ஹாஸ்டல் மொட்டை மாடி அரட்டை, பஸ் படிக்கட்டு, திண்ணையில் தாத்தா சிரித்த நொடி... இதெல்லாம் சொல்லிவிட்டு வராது. வரும்போது கேமரா கூட இருக்கணும். பீரோவில் இருக்கிற எஃப் 2.8 ஒரு படமும் எடுக்காது. அந்தத் தாத்தா அடுத்த வருஷமும் திண்ணையில் இருப்பார் என்று எந்தக் கடைக்காரரும் கேரண்டி தரமாட்டார்.

கடைக்குப் போகும்போது தினமும் தூக்குகிற பையைக் கையோடு கொண்டு போங்கள். லென்ஸ் மாட்டிய கேமரா அதில் அடங்குகிறதா என்று வைத்துப் பாருங்கள். அடங்கவில்லையா? அது எவ்வளவு உசத்தி லென்ஸாக இருந்தாலும் அந்தக் கேமராவுக்கு ஆகாது.