ஹோட்டலில் ஒளிந்திருக்கும் கோதுமை!

குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போவது எல்லோருக்கும் கொண்டாட்டம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ மெனு கார்டைப் பார்த்தாலே தயக்கம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம், இவர்களின் சிறுகுடல் உட்சுவரைப் பாதிக்கும். இதற்கு மருந்து, குளூட்டனை வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான். 'இன்னிக்கு ஒருநாள் சாப்பிடேன்' என்று பாசத்தோடு ஊட்டும் ஒரு வாய் பூரிகூடக் கெடுதல்தான்.

நல்லவேளை, நம்மூர் டிபனில் பாதி அரிசி. இட்லி, ஆப்பம், அரிசிமாவு இடியாப்பம் எல்லாம் இவர்களுக்கு ஏற்றவை. ஆனால், மூன்று இடங்களில் உஷார்!

பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பார், ரசம் வழியாக இலைக்கு வந்துவிடும்.

தோசைக்கல்: பரோட்டா, சப்பாத்தி போட்ட அதே கல்லில் வார்த்தால் சாதா தோசையும் ஆகாது. ரவா தோசையில் ரவையே கோதுமைதான்.

எண்ணெய்ச் சட்டி: பூரி, சமோசா பொரித்த எண்ணெயில் வெந்த உளுந்து வடையும் வேண்டாம்.

சர்வரிடம் 'குளூட்டன் இருக்கா?' என்றால் விழிப்பார். 'கோதுமை, மைதா, ரவை, பெருங்காயம் சேர்த்திருக்கா? பரோட்டாவுக்குத் தனிக் கல்லா?' என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் போனால் நிதானமாகப் பதில் கிடைக்கும்.

பெருங்காயம் சேர்க்காமல் வீட்டில் அரைத்த இட்லிப் பொடியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் கைப்பையில் இருக்கட்டும். சூடான இட்லி வந்ததும், அவர்களும் எல்லோரோடும் சேர்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.