சோமாலியா என்பது பட்டப்பெயரா?

வகுப்பில் ஒருத்தி கொஞ்சம் மெலிந்தவளாக இருந்தால் போதும், அவளுக்கு "சோமாலியா" என்று பெயர் விழுந்துவிடும். வீட்டிலும் அதேதான். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கும் பிள்ளையிடம், "சோமாலியாப் புள்ள மாதிரி இரிக்கிறாய், தின்னு" என்று உம்மாமார் சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் பெயர், அதுவும் நம்மைப் போலவே கலிமாச் சொன்ன மக்களின் நாட்டுப் பெயர், நம் வாயில் கேலிச் சொல்லாகிவிட்டதே என்பது எனக்கு உறுத்துகிறது.

இப்னு பதூதாவை நமக்குத் தெரியும். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி. அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன், 1331இல், அவர் சோமாலியாவின் மொகடிஷு துறைமுகத்தில் இறங்கினார். அங்கே கண்டதைத் தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார். அதில் அரண்மனையை விட அன்றாட வாழ்க்கைதான் எனக்குப் பிடித்தது.

கப்பல் வந்ததும் சிறு தோணிகளில் இளைஞர்கள் வருவார்களாம். ஒவ்வொருவர் கையிலும் மூடிய உணவுத் தட்டு. கப்பலில் வந்த வியாபாரி ஒருவரிடம் அதைக் கொடுத்து, இவர் என் விருந்தாளி என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். இப்னு பதூதா வியாபாரி அல்ல, மார்க்கம் படித்தவர் என்று தெரிந்ததும் காழியாரே மாணவர்களுடன் கரைக்கு வந்துவிட்டார். சுல்தானின் பணியாளர் தட்டில் கொண்டுவந்து கொடுத்தது என்ன தெரியுமா? வெற்றிலையும் பாக்கும். நம் ஊர்க் கலியாண வீட்டு வரவேற்பேதான்! பிறகு அவரைத் தங்கவைத்த இடம், மாணவர்களுக்கென்றே இருந்த விடுதி. அன்றைய மொகடிஷுவில் படிக்க வருபவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது.

சாப்பாட்டை அவர் ஆசையோடு விவரிக்கிறார். நெய்யில் சமைத்த சோறு, பெரிய மரத்தட்டில். மேலே கோழி, இறைச்சி, மீன், மரக்கறி. பக்கத்தில் பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், உப்பிலிட்ட எலுமிச்சை, மிளகு, இஞ்சி, மாங்காய். சஹனில் சுற்றியிருந்து சாப்பிட்டு, அச்சாறு தொட்டுக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. இன்றும் சோமாலியர்கள் சோற்றோடு வாழைப்பழம் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்த ஊர் மக்களைப் பற்றி அவர் சொன்ன குறை ஒன்று உண்டு. ஒருவர் சாப்பிடுவது எங்களில் ஒரு கூட்டமே சாப்பிடும் அளவு, எல்லோரும் பருத்த உடம்புக்காரர்கள் என்கிறார். எந்த ஊரின் பெயரை மெலிந்த பிள்ளைக்கு வைக்கிறோமோ, அந்த ஊரைப் பற்றி!

பஞ்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1991இல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1992இலும் 2011இலும் வறட்சியும் போரும் சேர்ந்து பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தன. எலும்பும் தோலுமான பிள்ளைகளின் படங்கள் அப்போது உலகமெங்கும் போயின. அந்தப் பிள்ளைகளில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களின் நினைவையா இடைவேளையில் சிரிப்பதற்கு எடுத்துக்கொள்வது?

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருட யுத்தத்தையும் சுனாமியையும் மட்டும் வைத்து வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தி "இலங்கை" என்பதை வசவாக்கினால் நாம் பொறுப்போமா? இங்கே பால் காய்ச்சுவதும் ரியூசனுக்கு ஓடுவதும் எந்த நாளும் நடந்துகொண்டுதானே இருந்தன. அங்கேயும் அப்படித்தான். ஒட்டகப் பால் விற்கும் பெண்ணுக்குக் கைபேசியிலேயே காசு அனுப்புகிறார்கள். ஹஜ் காலத்தில் அங்கிருந்து ஆடுமாடுகள் கப்பல் கப்பலாக சவூதிக்குப் போகின்றன. செய்தியில் வராததால் இவையெல்லாம் இல்லையென்று ஆகிவிடாது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை சாப்பிடாவிட்டால் ஏசுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு சமூகத்தின் பசியை ஏச்சாக்க வேண்டாம்.

இப்னு பதூதா மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் அங்கே சில நாட்களே இருந்தார், உண்டது சுல்தான் வீட்டுச் சாப்பாடு. மீனவர் குடிசைக்குள் அவர் எட்டிப் பார்க்கவில்லை. சுல்தானின் பட்டுச் சாரத்தையும் தலைப்பாகையையும் அத்தனை நுணுக்கமாகச் சொன்னவர், அந்தச் சோற்றை ஆக்கியது யார், எலுமிச்சையை உப்பிலிட்டது யார் என்று சொல்லவேயில்லை. அந்தக் கதையை மொகடிஷுவில் என் வயதில் இருக்கும் ஒருத்தி எழுதினால், முதலில் வாசிக்க நான் காத்திருக்கிறேன்.