பின்வளவுக் கோச்சி – 3
மாரிக்கு முன் மேடு எழும்புமா?



சென்ற இதழ் வெளிவந்த பிறகு என்னைக் காண்கிறவர்கள் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். "கோச்சி எதுவரை வந்திட்டுது?" என்றுதான் கேட்கிறார்கள். கோயிலில் ஒரு ஐயா, "தம்பி, பளை தாண்டியாச்சோ?" என்றார். ஐயா, பளை எங்கே! இன்னும் ஒரு முழத் தண்டவாளமும் விழவில்லை. ஆனால் விழவேண்டிய இடத்தில் 22 கால்களில் 14 நட்டாகிவிட்டது. இம்முறை அந்தக் கால்களின் கதையும், எந்த ரெயிலை ஓட்டுவது என்ற வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதும்.

முதலில் வீட்டுக்காரர் விடயம். எங்களில் பலரும் என்னைப்போல வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஒரு ஆணி அடிக்கவே பயப்படுகிற ஆட்கள் நாங்கள். 2020இல் இங்கே வாடகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி குடியிருப்பவர் சிறு மாற்றம் ஒன்றைச் செய்ய எழுத்தில் கேட்டால், வீட்டுக்காரர் 21 நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். நியாயமில்லாமல் மறுக்கவும் கூடாது. வீட்டை விட்டுப் போகும்போது பழையபடி ஆக்கிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. நான் ஒரு தாளில் படம் கீறி, அளவு போட்டு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. கொங்கிறீற் போடக்கூடாது, வேலியைத் தொடக்கூடாது, போகும்போது எல்லாம் கழற்றவேண்டும். மற்றும்படி ஆட்சேபனை இல்லை. வாயால் கேட்டிருந்தால் இந்த மூன்று வரியும் என் கையில் இருந்திராது. வாயால் கேட்டுவிட்டு இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆக, கழற்றக்கூடிய ரெயில் பாதை. இதைக் கேட்டு அப்பா சிரித்தார். கழற்றிய பாதையோடுதானே எங்கள் சீவியம் போனது. 1990 யூனில் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு ரெயில் நின்றது. நான் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. இரண்டு பகுதியாரும் எடுத்தார்கள், சனமும் எடுத்தது. எங்கள் வளவுப் பங்கரின் கூரைக்கும் அதே கட்டைதான். அப்பாவும் பெரியப்பாவும் தோளில் காவி வந்தது. ரெயில் ஓடுவதைக் காணுமுன்பே சிலிப்பர் கட்டைக்குக் கீழே படுத்துறங்கிய பிள்ளைகள் நாங்கள். பள்ளிக்கூடம் போவது அந்த வெறும் மேட்டில். அதற்குப் பெயர் மட்டும் கோச்சிப் பாதை. "கோச்சி எங்கே?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள். அது வந்தபோது நான் ஊரில் இல்லை. 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் மறுபடி வந்தது. இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் என்ற இந்திய நிறுவனம் போட்டுக் கொடுத்த பாதை. நான் அதைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன்.

இனி வழக்கு. எந்த ரெயில்?

தோட்ட ரெயிலுக்கு உலகமெங்கும் அதிகமாகப் பாவிக்கும் தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர். ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரத்து லேமன் கொம்பனி 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த ரெயில்களால் இது பரவியது. அவர்கள் செய்தது ஒரு மீற்றர் அகலப் பாதையில் ஓடும் மலைநாட்டு ரெயில்களை, 22.5இல் ஒரு பங்காக. நியூசிலாந்தின் பாதை 1067 மில்லிமீற்றர். அதை 45ஆல் பிரித்தால் 24இல் ஒரு பங்குக்குக் கிட்ட வரும். எங்கள் ஊர்ப் பாதையோ 1676 மில்லிமீற்றர், ஐந்தரை அடி. அது 37இல் ஒரு பங்கு. அதாவது ஒரே 45 மில்லிமீற்றர் பாதையில் இந்த நாட்டு ரெயில் பெரிதாகவும் எங்கள் யாழ்தேவி சிறிதாகவும் வரும். இரண்டையும் பக்கத்தில் விட்டால் தகப்பனும் பிள்ளையும் போல இருக்கும்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இதை அறிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரிலில். அதை இழுத்த எஞ்சின்களில் பேர்போனவை எம்.2 வகை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. ஜெனரல் மோட்டேர்ஸின் ஜி.12 என்ற வார்ப்பு, 1954இல் தொடங்கி வந்திறங்கின. கனடாவின் மாகாணப் பெயர்களை அவற்றில் பலவற்றுக்கு வைத்தார்கள். ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. எங்கள் சனம் இத்தனை பேர் ஒன்ராறியோவுக்குப் போகமுன்பே ஒன்ராறியோ எங்கள் ஊருக்கு வந்து போயிருக்கிறது!

சரி, அடுத்த ஆண்டு, 1955இல், நியூசிலாந்து ரெயில்வே தனக்கு டீசல் எஞ்சின் எடுத்தது. டீ.ஏ. என்று பெயர். 1967 வரை 146 எஞ்சின்கள். அவையும் ஜி.12தான்! அச்சொட்டாக ஒன்று இல்லை. இங்கத்தைய சுரங்கங்களுக்கும் ஒடுங்கிய பாதைக்கும் ஏற்றபடி ஆக்கியது. ஆனாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிறகு 1978 தொடக்கம் 1983 வரை அவற்றில் 85ஐ உருமாற்றி டீ.சீ. ஆக்கினார்கள். ஒக்லண்டில் மின்சார ரெயில் பரவலாக வந்த 2015 வரை பயணிகள் ரெயில்களை இழுத்த எஞ்சின்களில் இந்த டீ.சீ.க்களும் உண்டு. ஹென்டேர்சனிலும் சுவான்சனிலும் விடியப்புறம் குளிரில் நின்று வேலைக்கு ரெயில் ஏறிய எங்கள் மூத்த ஆட்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. யாழ்தேவியின் ஒன்றுவிட்ட சகோதரம் இழுத்துத்தான் போயிருக்கிறீர்கள், அண்ணைமார். உருமாறாத டீ.ஏ. ஒன்றைப் பார்க்க விருப்பமானவர்கள் தெற்கே கிளென்புறூக் பழைய ரெயில் பாதைக்குப் பிள்ளைகளோடு போய்வரலாம்.

இரண்டு எஞ்சினையும் ஏறக்குறைய 14 மீற்றர் என்று எடுத்தால், 24இல் ஒன்றுக்கு 58 சென்ரிமீற்றர், 37இல் ஒன்றுக்கு 38 சென்ரிமீற்றர். மகள் இங்கே பிறந்தவள், அவள் டீ.ஏ. கேட்கிறாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கணக்குப் போடும்போது வந்து நின்று, "எங்கடை எஞ்சினை ஏன் சின்னனாக்கிறாய்?" என்றார். ஆக்குவது நானில்லை, பாதையின் அகலம் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது சரிவரவில்லை. கடைசியில் தீர்ப்பு இதுதான்: பாதை ஒன்று, முதலில் யாழ்தேவி, 37இல் ஒன்று. நிலையமும் அதே அளவில், கொடிகாமம். டீ.ஏ. அடுத்த வருடம். அதைத் தனியாக ஓடவிடுவோம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் கண்ணுக்கு உதவாது. மகள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இப்போது கால்கள். வெஸ்ட்கேட் மண் எப்படிப்பட்டது என்று இங்கே மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும். களி. மாரியில் சப்பாத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் விரல் போகுமளவுக்கு வெடிக்கும். மேற்கு ஒக்லண்டில் ஒரு காலத்தில் செங்கல் சூளையும் ஓட்டுத் தொழிற்சாலையும் பெருகியது சும்மாவா? நியூ லின்னில் கிறவுண் லின் பீங்கான் செய்ததும் இந்தக் களியை நம்பித்தான். பீங்கானுக்கு நல்லது, ரெயிலுக்குக் கூடாது. நிலத்தில் நேரே பாதை போட்டால் ஒரு வருடத்தில் பாம்பு போல நெளியும். 2023 ஜனவரி 27 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று எங்கள் வளவில் தண்ணீர் நின்ற அடையாளம் வேலிப் பலகையில் இன்னும் தெரிகிறது. அந்த அடையாளத்துக்கு ஒரு சாண் மேலே என் தண்டவாளம். பள்ளமான பக்கத்தில் நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் வருகிறது. அப்பா கதிரையில் இருந்தபடி பெட்டியைத் தொடலாம். குனிய அவருக்கு முழங்கால் விடாது.

நான் பிளாஸ்ரிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வெட்டுத்துண்டு கேட்டால் தருவார்கள். அதனால் கால்கள் எல்லாம் குழாய், 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அடித்து இறக்கியவை. கழற்றுவதென்றால் ஆட்டி இழுத்தால் வந்துவிடும். "மேலே ஓடும் சட்டத்தையும் பிளாஸ்ரிக்கிலேயே செய்யன் மச்சான், சும்மா கிடைக்குது" என்று கூட வேலைசெய்பவர் சொன்னார். சும்மா கிடைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. நாளும் பொழுதும் அந்தச் சாமானோடு நிற்பவன் நான். கோடை வெயிலுக்கும் மாரி விடியலுக்கும் 40 பாகை வித்தியாசம் என்று வைத்தால், 10 மீற்றர் பித்தளைத் தண்டவாளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் நீளும். அதே 10 மீற்றர் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக் 6 சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும்! கீழே உள்ளது ஒரு பக்கம் இழுக்க மேலே உள்ளது மறுபக்கம் இழுத்தால், பூட்டு எல்லாம் தெறிக்கும். மரம் நீளவாட்டில் சூட்டுக்கு அசைவது மிகக் குறைவு. ஆகவே சட்டம் மரத்தில். 8 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு நீளச் சலாகைகள், நடுவே 15 சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டை, ஏணி மாதிரி. நனைத்து மெதுவாக வளைத்தால் 1.2 மீற்றர் ஆரைக்கு வளைந்து கொடுக்கிறது. தண்டவாளத்தை அதன்மேல் இறுக்கிப் பூட்டாமல், அங்கொன்று இங்கொன்றாகத் தளர்வாக ஆணி முடுக்கவேண்டும். அது தன்பாட்டுக்கு நீளட்டும், சுருங்கட்டும்.

மரம் வாங்கும்போது ஒன்று பார்க்கவும். இங்கே மருந்தேற்றிய பைன் மரத்தில் இலக்கம் அடித்திருக்கும். எச் 3.2 என்றால் மழை வெயிலில் நிற்கும், நிலத்தில் புதைக்கக்கூடாது. எச் 4 என்றால் மண்ணிலும் நிற்கும். அறுத்த முகத்துக்கு மறுபடி மருந்து பூசவேண்டும். மிச்சத் துண்டுகளை அடுப்பிலோ இறைச்சி சுடுகிற நெருப்பிலோ போடவே கூடாது, கவனம்! இந்த மருந்தில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது அதிகம். ஆர்சனிக் என்றால் பாஷாணம். விறகு என்று நினைத்து எரிக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் கிடக்கும் பலெற் பலகையும் வேண்டாம். அது சூடு காட்டியதே தவிர மழைக்கு நிற்காது.

மட்டம் பார்க்கக் கருவி வாங்கவில்லை. ஊரில் மேசன்மார் செய்வது போல, தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரண்டு காலில் பிடிப்பது. ஒரு முனை அப்பா, ஒரு முனை நான். அவர் கை நடுங்குவதால் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும். நிற்கும்வரை பார்த்திருப்போம். 14 கால் நட மூன்று சனிக்கிழமை போனதற்கு இதுதான் காரணம். லேசர் கருவி இரவல் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வளவுக்குள் வழி: 6 மீற்றர் நேர்ப்பாதை இரண்டு, இரு முனையிலும் 1.2 மீற்றர் ஆரையில் அரைவட்டம். மொத்தம் 19.5 மீற்றர். 37ஆல் பெருக்கினால் முக்கால் கிலோமீற்றரும் இல்லை. கொடிகாமத்தில் ஏறினால் கொடிகாமத்தில்தான் இறங்கலாம். நடுவே மனைவியின் கத்தரியும் பச்சைமிளகாயும் இருக்கின்றன. அந்தப் பாத்தியில் கால் வைத்தால் ரெயில் ஓடாது என்று எழுதாத ஒப்பந்தம்.

மின்சாரம் தண்டவாளத்தில் விடப்போவதில்லை. பித்தளை கறுக்கும், களித்தூசி படியும், ஒவ்வொரு நாளும் துடைக்கவேண்டும். இரண்டு ஷிப்ற் வேலை செய்கிற வீட்டில் யார் துடைப்பது? எஞ்சினுக்குள் பற்றறி, கையில் வானொலிக் கட்டுப்பாடு. பற்றறியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போகக்கூடாது, இது வீட்டிலுள்ள எல்லாப் பற்றறிக்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற எண்ணம் இல்லை. வடபகுதிப் பாதையையும் துண்டு துண்டாகத்தானே திறந்தார்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902 மார்ச்சில், பளை வரை அதே ஆண்டு செப்ரெம்பரில், கொழும்போடு இணைந்தது 1905 ஓகஸ்ற்றில். மூன்று வருடம் யாழ்ப்பாணத்து ரெயில் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஓடியிருக்கிறது! நானும் வேலிப்பக்கத்து 6 மீற்றரை முதலில் போட்டு, எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். யூலை பள்ளிக்கூட விடுமுறைக்கு முன் இது நடக்கவேண்டும். மகளுக்குச் சொல்லியாயிற்று. அப்பாவுக்கு ஓகஸ்ற்றில் கண் சத்திரசிகிச்சை இருக்கிறது. அதற்கு முன் அவர் பார்க்கவேண்டும் என்பது எனக்கு. அவரோ, "பிறகு பார்த்தால் இன்னும் வடிவாய்த் தெரியுமெல்லோ" என்கிறார்.

வாசகரிடம் ஒரு உதவி. 1990க்கு முன் கொடிகாமம் ஸ்ரேசனில் எடுத்த படம் எவரிடமாவது இருந்தால், மேடையோ, பெயர்ப்பலகையோ, மாங்காய்க் கடகம் ஏற்றுகிற காட்சியோ, கலியாணப் பயணப் படமோ, எதுவானாலும் ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு படத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவேன். மேடையில் நின்ற மரம் எந்தப் பக்கம் என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தொலைபேசியில் இன்னும் சண்டை முடியவில்லை. நிலையத்தை அடுத்த மாதம் வெட்டத் தொடங்கவேண்டும்.