புகை வருமுன் கைகோப்போம்

2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணம் போரும் அன்று, கலவரமும் அன்று, புகைமூட்டம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பர். அன்று அது 500ஐயும் தாண்டியது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. கோல சிலாங்கூர் நகரத்தில் இருப்போர் சுவாசித்த அதே காற்றைத்தான் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப்புறங்களில் வாழ்வோரும் சுவாசித்தனர். இரண்டு நாள்களுக்குப் பிறகே அவசரநிலை மீட்டுக்கொள்ளப்பட்டது.

நாட்டின் பாதுகாப்பு என்றதும் இராணுவமும் காவல்துறையும் நம் நினைவுக்கு வருகின்றன. புகையைத் துப்பாக்கியால் தடுக்க முடியுமா? இத்தகைய பேரிடர்களில் நம்மைக் காக்கும் முதல் அரண், பலர் கூடிச் செய்யும் அறிவியல் ஆய்வே என்பது என் கருத்து. அந்த ஆய்வு பேரிடர் வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அதன் முடிவுகள் மக்களின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

கூட்டு முயற்சி ஏன் தேவை? காற்றுக்குக் கடப்பிதழ் கிடையாது. 2005-இல் நம்மைச் சூழ்ந்த புகையின் பெரும்பகுதி, மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் மூண்ட தீயிலிருந்து வந்தது. எந்த ஒரு நாடும் தனித்து நின்று இதை ஆராயவோ தடுக்கவோ இயலாது. இதனை உணர்ந்தே ஆசியான் நாடுகள் 2002-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் எல்லை கடந்த புகைமூட்டம் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் தீ அபாய மதிப்பீடும் அத்தகைய கூட்டுறவால் கிடைத்ததே. கனடா நாட்டு வன ஆய்வாளர்கள் தங்கள் காடுகளுக்காக உருவாக்கிய கணக்கீட்டு முறை, அவர்களின் துணையோடு நம் வட்டாரத்துக்கு ஏற்பத் திருத்தி அமைக்கப்பட்டது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், மழையளவு ஆகிய நான்கையும் கொண்டு, எந்த இடத்தில் தீ எளிதில் பற்றும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது.

அயல்நாட்டுத் தீயை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நம் அருகிலேயே, வட சிலாங்கூரில், 70,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட காம்புட் காடு பரந்து கிடக்கிறது. மட்கிய தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான சதுப்பு மண்ணே காம்புட் ஆகும். நீரில் ஊறியிருக்கும்வரை அதில் தீ பற்றுவது அரிது. மரம் ஏற்றவும் பயிரிடவும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், காய்ந்த அந்த மண்ணே விறகாகிவிடும். பிறகு தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் புகையும். மேலே நீரைப் பாய்ச்சினாலும் எளிதில் அணையாது.

இந்தச் சிக்கலுக்கு ராஜா மூசா வனக்காப்பகத்தில் தீர்வு காண முயன்றுள்ளனர். 2008-ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்வைரன்மெண்ட் சென்டர் என்ற அமைப்பும் சுற்றுவட்டார மக்களும் அங்கே இணைந்து உழைக்கின்றனர். கால்வாய்களைத் தடுத்து நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகின்றனர். மகாங் போன்ற உள்ளூர் மரங்களை நடுகின்றனர். நீர்மட்டம் எவ்வளவு குறைந்தால் ஆபத்து என்பதை ஆய்வாளர் கணித்துச் சொல்லலாம். கால்வாய்த் தடுப்பு உடைந்திருப்பதை முதலில் காண்பவர் அருகில் குடியிருப்பவரே. இருவரும் இணைந்தால்தான் காடு நனைந்திருக்கும்.

கூட்டாய்வு தாமதமானால் என்ன நேரும் என்பதையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1998-இல் பன்றிப் பண்ணைகளில் பரவத் தொடங்கிய நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுக்களை ஒழித்தும் மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சுவா காவ் பிங் தாம் கண்டறிந்த கிருமியின் மாதிரியை அமெரிக்க ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். அங்குள்ள அறிஞர்களுடன் ஆராய்ந்தபோது அது புதிய கிருமி என்பது தெரியவந்தது. அதுவே நிப்பா. அந்நோய்க்கு நம் நாட்டில் 100க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

ஆய்வுக்குச் செலவு அதிகம், மழை பெய்தால் புகை தானாக அகன்றுவிடும் என்று சிலர் வாதிடுவர். மழை புகையைக் கழுவும். ஆனால், அடுத்த வறட்சியில் தீ மூளாமல் தடுக்காது. எண்களை வெளியிட்டால் மக்கள் அஞ்சுவர், சுற்றுலா பாதிக்கப்படும் என்ற கருத்தும் உண்டு. 2005க்கு முன் சில ஆண்டுகள் தூய்மைக்கேட்டுக் குறியீடு வெளியிடப்படாமல் இருந்ததற்கு இத்தகைய அச்சமே காரணம். அந்த ஆகஸ்டில்தான் அது மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. பூட்டி வைத்த எண் எவரையும் காப்பதில்லை. குறியீடு தெரிந்தால்தான் ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். ஆசிரியரும் திடல் விளையாட்டை நிறுத்துவார்.

இன்று அந்தக் குறியீட்டைக் கைப்பேசியிலேயே காணலாம். வறட்சிக் காலத்தில் அதைப் பார்த்து, வீட்டில் உள்ள முதியோருக்குப் பொருளைச் சொல்லுங்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தவிருங்கள். காட்டோரம் புகை கண்டால் 999 எண்ணுக்கு அழையுங்கள். இவை சிறு செயல்கள்தாம். எனினும், ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தின் கடைசியில் நிற்பவரின் வலிமையும் தேரை நகர்த்தவே செய்கிறது.